புல் மெஷினுக்கு ஒரு ஃபில்டர்

ஏப்ரல் 9, செவ்வாய்

ஷெட்டில் பெட்ரோல் வாடை எங்கிருந்து வருகிறது என்று இன்று கண்டுபிடித்தேன். புல் வெட்டும் மெஷினில் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே போகும் டியூபில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் இருக்கிறது. பழசாகி மஞ்சளடித்து, விரிசல் விட்டு, சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. கழற்றலாம் என்று கை வைத்ததும் இரண்டாக உடைந்துவிட்டது. உள்ளே வலை இருந்ததா, காகிதம் இருந்ததா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கறுப்பாக ஒரு பிசின்தான் இருந்தது.

மங்கையர்க்கரசியிடம் காட்டினேன்.

"அது பல வருஷமா ஷெட்லதாங்க கிடக்கு. ஆள் வச்சு அருவாள்லதான் வெட்டிட்டிருக்கோம். அதை ஏன் எடுத்தீங்க?" என்றார்.

மே ஐந்தாம் தேதி நம் புல்வெளியில் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது. கோடை மழைக்குப் புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. கைவசம் மெஷின் இருக்கும்போது ஆளைத் தேடுவானேன் என்றேன். போன வாரமே மெக்கானிக்கை வரவழைத்து கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, ஷெட் வாசலில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, இந்த ஃபில்டர் ஒன்றுதான் பாக்கி என்றும் சொன்னேன். அன்று மங்கையர்க்கரசி சந்தைக்குப் போயிருந்தார்.

"உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனார். நறுக்கி முடித்ததையே மறுபடியும் நறுக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஏற்காட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ராஜபாளையத்தில் மில் ஸ்டோர்ஸில் போல்ட், பேரிங், பெல்ட் என்று பாதி ஆயுசைக் கழித்தவன், ஐம்பத்து நாலு வயதில் மங்கையர்க்கரசியைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்வெட்டர் போட்டு நடமாடுகிறேன். நாலு அறை உள்ள இந்தத் தங்கும் விடுதியை மங்கையர்க்கரசியின் முதல் கணவர் தணிகாசலம் கட்டினார். மெஷினும் அவர் வாங்கியதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார் என்று மங்கையர்க்கரசியின் அண்ணன் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்பது முறையில்லை.

நான் வந்த பிறகு விருந்தாளிகளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அறைச் சாவிகளுக்கு எண் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். புல்லையும் வெட்டினால் நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 11, வியாழன்

சேலம் போய் ஃபில்டர் வாங்கிவந்தேன். நாலு ரோடு பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. உடைந்த துண்டைப் பார்த்துவிட்டு கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார்.

"இது சாதா. இது பைக்குக்குப் போடறது. இது சார், கார்ல போடறது. உள்ள காகித மடிப்பு. தூசி ஒண்ணுகூட உள்ள போகாது."

கார் ஃபில்டரையே எடுத்தேன். ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கு மட்டமான சாமான் எடுக்கக் கை வராது.

மலை ஏறும் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு குழந்தை "இன்னும் எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. இறங்கும்போது நல்ல மழை. காப்பிச் செடி பூத்துவிட்டது.

ஏப்ரல் 12, வெள்ளி

ஃபில்டர் மாட்டினேன். கயிற்றை மூன்றாம் தடவை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. சரிவில் இரண்டு தட்டாக இருக்கும் புல்வெளியின் மேல்தட்டில் இரண்டு வரிசை அழகாக வெட்டியது. மூன்றாவது வரிசை பாதியில் இருமிவிட்டு நின்றது.

மங்கையர்க்கரசி சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் விட்டு இழுத்தேன், ஓடியது. இரண்டு வரிசை. மறுபடி நின்றது.

"பெருங்காய டப்பா எங்கயாச்சும் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். மூன்றாவது முறை நின்றபோது கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை. வெயில் ஏறுது" என்றார். வெயிலே இல்லை. மேகமூட்டம்.

ஏப்ரல் 13, சனி

மழை. மெஷினைத் தொடவில்லை. மங்கையர்க்கரசி மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. மங்கையர்க்கரசியின் மகள் நிறைமதி சேலத்தில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். காலையிலேயே வந்துவிட்டாள். என்னை "அங்கிள்" என்பாள். மரியாதையான பெண். என்னிடம் பேசும்போது எப்போதும் எழுந்து நின்றுகொள்வாள், பரீட்சைக்கு வந்த மாதிரி.

வாசலில் நுழைந்ததும் புல்வெளியில் மெஷின் நிற்பதைப் பார்த்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அங்கிள், அது ஓடுதா?"

"ஓடுது, நின்னுடுது. சரி பண்ணிட்டிருக்கேன்."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்லை அங்கிள்." உள்ளே போய்விட்டாள்.

மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். சாப்பிடும்போது அம்மாவும் மகளும் சந்தை விலை பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மாலையில் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "அம்மாவைப் பார்த்துக்கங்க அங்கிள்" என்றாள். அதற்குத்தானே வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 17, புதன்

டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது என்று மெக்கானிக் போனில் சொன்னார். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டினேன். நின்றது. பிளக்கைத் துடைத்தேன். நின்றது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். நின்றது.

நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் வந்தார். அரிசி எவ்வளவு போட, இரண்டாம் அறைக்காரர் எப்போது கிளம்புகிறார், கேஸ்காரர் போன் செய்தாரா. கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை. "நான் ஒண்ணும் மெஷினை உடைச்சிட மாட்டேங்க. நின்னு நின்னு பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சின்னதாகப் போயிற்று. "சரிங்க" என்றார்.

அதன் பிறகு வெளியே வரவில்லை. மெஷின் நின்றால் சமையலறை ஜன்னல் திரை மட்டும் லேசாக அசைகிறது.

இன்று சட்னி அம்மியில் அரைத்தது. ருசியாகத்தான் இருந்தது. மிக்ஸி ரிப்பேரோ என்று போய்ப் போட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது.

ஏப்ரல் 18, வியாழன்

இரவு காட்டெருமை ஒன்று கீழ்த்தட்டு வேலியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. வேலி சரிசெய்தேன். நேற்று அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 20, சனி

விஷயம் பிடிபட்டுவிட்டது. இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

கார்புரேட்டர் பக்கத்து டியூபை உருவி ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டேன். பெட்ரோல் சொட்டியது. ஒரு சொட்டு, யோசித்து யோசித்து இன்னொரு சொட்டு. ஃபில்டரைக் கழற்றிவிட்டு டியூபை மட்டும் விட்டேன். விரல் கனத்துக்குத் தாரையாகக் கொட்டியது.

காரில் பெட்ரோலைத் தள்ளிவிட ஒரு பம்ப் இருக்கிறது. எவ்வளவு நெருக்கமான காகிதமானாலும் அது தள்ளிவிடும். இந்த மெஷினில் பம்ப் கிடையாது. மேலே டேங்க், கீழே கார்புரேட்டர். பெட்ரோல் தன் கனத்தில் தானாக இறங்க வேண்டும். இரண்டு வரிசை வெட்டுவதற்குள் கார்புரேட்டர் கிண்ணம் காலியாகிவிடுகிறது, அது மெதுவாக நிறையும்வரை மெஷின் எழுந்திருப்பதில்லை. உசத்தியான சாமான் என்று நான் வாங்கியதுதான் அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

சாப்பிடும்போது மங்கையர்க்கரசியிடம் இதை விளக்கிச் சொன்னேன். ரசத்தை வைத்துக்கூட விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப இனிமே நிக்காதா?" என்றார்.

சரியான ஃபில்டர் கிடைத்தால் நிற்காது என்றேன். அதுவரைக்கும் ஃபில்டரே இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

ஃபில்டர் இல்லாமல் டியூபை நேராக மாட்டி ஓட்டினேன். பிரமாதமாக ஓடியது. மேல்தட்டு முழுவதும் முடித்துவிட்டேன். மங்கையர்க்கரசி ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு ஏதோ வறுத்துக்கொண்டிருந்தார், வாசனை வந்தது. மெஷினைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். அது சமையலறையிலிருந்து தெரியாது, நடுவில் ஹைட்ராஞ்சியா பூச்செடி வேலி.

கீழே நாலைந்து வரிசை போனதும் சட்டென்று நின்றது. இருமல்கூட இல்லை. பழைய டேங்க் அல்லவா, துருவெல்லாம் நேராகப் போய் ஜெட் என்கிற ஊசித் துளையை அடைத்துவிட்டது. கார்புரேட்டரின் அடித் திருகைப் பார்க்க வேண்டும் என்று ஈரப் புல்லில் பக்கவாட்டில் படுத்துத் தலையை மெஷினுக்கு அடியில் நீட்டினேன். தலையும் ஒரு கையும் மெஷினுக்குப் பின்னால், மற்றபடி ஆள் புல்லில் கிடக்கிற மாதிரிதான் இருந்திருக்கும்.

"ஏங்க!"

அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. மூன்று மாதத்தில் அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "இங்க பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். நிமிர்ந்து பார்த்தேன். செருப்பில்லாமல், கையில் கரண்டியோடு, ஹைட்ராஞ்சியா ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று எழுந்தேன்.

அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கரண்டியைப் புல்லில் வைத்தார். மூச்சு வாங்கியது. நான் கிட்டப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் பெட்ரோல், வேண்டாம் என்றேன். விடவில்லை.

வீட்டுக்குள் ஏதோ தீய்ந்தது. அடுப்பை அணைக்க நான்தான் போனேன்.

மாலையில் நிறைமதிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அங்கிள், அப்பா எங்க இறந்தாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஆஸ்பத்திரியிலன்னு நினைச்சேன்."

"இல்லை. கீழ்த்தட்டுல. புல்லு வெட்டிட்டிருக்கும்போது. மெஷின் நின்னுடுச்சு, பெட்ரோல் ஊத்தறாருன்னு அம்மா நினைச்சிருக்காங்க. நான் அப்ப ஸ்கூல்ல இருந்தேன். அன்னைக்கு வருஷப் பிறப்புக்கு வந்தப்பவே சொல்லியிருக்கணும். அம்மாதான் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

"நீங்க ஆசையா ஒரு வேலையை எடுத்துச் செய்யறீங்களாம். அதைக் கெடுக்க வேண்டாம்னாங்க."

ஏப்ரல் 23, செவ்வாய்

மெஷினைத் துடைத்து ஷெட்டில் வைத்துவிட்டேன். இரண்டாம் அறைக்காரர்கள் கிளம்பினார்கள். துணி துவைத்தேன். வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 24, புதன்

காலை, மங்கை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் இரண்டு பல் உரித்தேன்.

"மெஷினை யாருக்காச்சும் வித்துடலாம். ஆள் வச்சே வெட்டிக்கலாம்" என்றேன்.

"நிறை சொல்லிட்டாளா?"

"சொன்னா."

தோலை ஊதித் தள்ளினாள். பிறகு தானாகச் சொன்னாள்.

"அன்னைக்கு மிக்ஸியில சட்னி அரைச்சிட்டிருந்தேன். மெஷின் எப்ப நின்னுச்சுன்னே தெரியலை. மிக்ஸியை நிறுத்தினதுக்கப்புறம்தான் வெளிய சத்தம் இல்லைன்னு தோணுச்சு. பெட்ரோல் ஊத்தறாராட்டம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு காப்பி போட்டேன். ஆறிடக்கூடாதுன்னு மேல மூடி வேற போட்டு எடுத்துட்டுப் போனேன்."

நான் பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உடனே போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. காதுக்கு அது தெரிய மாட்டேங்குது."

"அதனாலதான் சொல்றேன், வித்துடலாம்."

"வித்துட்டா?" நிமிர்ந்து பார்த்தாள். "பேசிட்டிருக்கும்போது பேச்சை நிறுத்தினாலும் எனக்கு அப்படித்தான் இருக்கு. தூங்கும்போது குறட்டை நின்னாலும் அப்படித்தான். எதை எதை விப்பீங்க?"

"நான் குறட்டை விடுறேனா?"

"விடறீங்க. நின்னா எந்திரிச்சுப் பார்க்கறேன். நீங்க புரண்டு படுத்திருப்பீங்க."

கேட்கக் கூடாது என்று இரண்டு நாளாக வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"திங்கக்கிழமை ஏங்கன்னு கூப்பிட்டது... அவர் ஞாபகத்துலயா?"

"அவரை நான் ஏங்கன்னு கூப்பிட்டதே இல்லை. 'நிறை அப்பா'ன்னுதான் கூப்பிடுவேன்." எழுந்து பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள். "ஓடி வந்தது உங்களுக்காகத்தான். வேற யாருக்குன்னு நினைச்சீங்க?"

அடுப்பு மேடைக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள்.

"அந்த மெஷின் நடுவுல நிக்காம ஓடுற மாதிரி பண்ண முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க."

"முடியும்னு நினைக்கிறேன்."

"நினைக்க வேண்டாம். பண்ணுங்க."

ஏப்ரல் 26, வெள்ளி

மறுபடி சேலம். அதே கடை.

"சார், நைஸா வடிகட்டறதுதான் நல்லது. பெரிய கண்ணு உள்ளதை எடுத்தா தூசி போயிடும்" என்றார் கடைக்காரர்.

"எவ்வளவு சின்ன தூசி போகுதுங்கறது எனக்கு இப்ப முக்கியமில்லைங்க. என் மெஷின்ல பம்ப் இல்லை. டேங்க் மேல, கார்புரேட்டர் கீழ. துரு நிக்கணும், ஆனா பெட்ரோல் தானா இறங்கணும்."

அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப ஜெனரேட்டருக்குப் போடற வலை ஃபில்டர் பாருங்க" என்று ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே காகிதத்துக்குப் பதில் நைலான் வலை. கையோடு கொண்டுபோயிருந்த டியூப் துண்டை அதன் இரண்டு மூக்கிலும் மாட்டிப் பார்த்தேன். இறுக்கமாக உட்கார்ந்தது. வாயில் வைத்து ஊதினேன். மூச்சு தடையில்லாமல் போயிற்று. கார் ஃபில்டரை வாங்கி ஊதினால் கன்னம் உப்புகிறது. கடைக்கு வந்த ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

பெட்ரோல் போகும் திசைக்கு அம்புக்குறியும் போட்டிருந்தது. மாற்றி மாட்டிவிட்டால் பிடித்த துருவைக் கழுவவும் பார்க்கவும் வழியிருக்காது என்றார். இது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாக வாங்கிக்கொண்டேன்.

சேலத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. முடித்துக்கொண்டேன். நெஞ்சில் தடவிய களிம்பு சட்டையில் ஒட்டி உலர்ந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறதாம். உப்பு மட்டும் குறைக்கச் சொன்னார்கள். ஈ.சி.ஜி. எடுத்த காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் வைத்தேன், மங்கை கண்ணில் படட்டும் என்று. பட்டது. மடித்து சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். ராத்திரிக் குழம்பில் உப்பே இல்லை.

ஏப்ரல் 29, திங்கள்

டேங்கைக் கழற்றி, சின்ன ஜல்லிக் கற்களும் கொஞ்சம் பெட்ரோலும் போட்டுக் குலுக்கினேன். செம்மண் மாதிரி துரு வந்தது. மூன்று தடவை கழுவினேன். ஜெட்டை மெக்கானிக் வந்து ஊதிச் சுத்தம் செய்து கொடுத்தார். புது டியூப். புது ஃபில்டர், அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்த்து. கிளிப்பை இறுக்கிவிட்டுப் பாட்டிலில் விட்டுப் பார்த்தேன். தாரையாக இறங்கியது. ஃபில்டருக்குள் வலையைச் சுற்றிப் பெட்ரோல் நிறைந்து நிற்பது வெளியிலிருந்தே தெரிகிறது.

மங்கை வந்து குனிந்து பார்த்தாள். "இத்தனூண்டுக்கா இவ்வளவும்?" என்றாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஷெட் வாசலில் நிறுத்தி வைத்தே ஓட்டினேன். மங்கையை முன்னாலேயே கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தேன். முதல் சத்தத்தில் அவள் கை புடவைத் தலைப்பைச் சுருட்டியது. நாங்கள் இருவரும் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றோம். டேங்க் கால் பங்கு இறங்கும்வரை நிற்கவில்லை. பேசினால் கேட்காது என்பதால் பேசவில்லை.

பிறகு அவளையே நிறுத்தச் சொன்னேன். நெம்புகோலைக் காட்டினேன். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருக்குமோ என்று பார்க்கிற மாதிரி. பிறகு இழுத்தாள். நின்றது. அக்கம்பக்கத்துக் குருவிச் சத்தமெல்லாம் ஒரே சமயத்தில் கேட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

மே 2, வியாழன்

நிச்சயதார்த்த வீட்டார் வந்து இடம் பார்த்தார்கள். பந்தல் மேல்தட்டில், சாப்பாடு கீழ்த்தட்டில் என்று முடிவு. கீழ்த்தட்டு என்றதும் மங்கையைப் பார்த்தேன். அவள்தான், "கீழ நல்லா நிழலா இருக்கும், பெரியவங்க உக்கார வசதி" என்று சொன்னாள். நிறைமதி சனிக்கிழமை வந்து பரிமாற ஒத்தாசை செய்வதாகச் சொன்னாளாம்.

மே 4, சனி

காலைப் பனி காய்ந்ததும் ஆரம்பித்தேன். ஒரே இழுப்பு. மேல்தட்டு முடித்தேன், கீழே இறக்கினேன். ஹைட்ராஞ்சியாவைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் யாரும் இல்லை. நிறைமதி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினாள். எழுந்து நிற்கவில்லை.

கீழ்த்தட்டில் வரிசை வரிசையாகப் போய் வந்தேன். ஒரு இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போனேன். எந்த இடம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லா இடத்திலும் புல் ஒரே மாதிரிதான் இருந்தது. மெஷின் ஒரு தடவைகூட இருமவில்லை.

வெட்டி முடித்ததும் அங்கேயே நிறுத்திவிட்டு வரலாம் என்று நெம்புகோலில் கை வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த மெஷினைச் சரிவில் ஏற்றித் தள்ளிக்கொண்டே சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்து வேகத்தைக் குறைத்தேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தேன்.

"மங்கை!" என்று கத்தினேன். "நிறுத்தப் போறேன்!"

உள்ளே பாத்திரம் நகரும் சத்தம்.

"நிறுத்துங்க!" என்று குரல் வந்தது. உடனே, "இருங்க, இருங்க! மேல மாதுளைச் செடி ஓரத்துல ஒரு பட்டை விட்டுப்போச்சு. அதையும் வெட்டிட்டு நிறுத்துங்க!"

போய் அதையும் வெட்டினேன். திரும்பி வந்து மறுபடியும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். உள்ளே மிக்ஸி மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் வெளியே வரவில்லை.